கூவாத ரயில்

பொம்மை ரயில் மறுபடியும் அதே இடத்தில் கூவியது.

ராமுத்தாய் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். அந்த மூலையில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“இந்தா வந்துட்டேன் ஆத்தா.”

ஐப்பசியில் எங்கள் மகள் கயல் காய்ச்சலில் போனாள். அதற்குப்பிறகு என் பொண்டாட்டி வாய் திறந்து பேசுவது இது ஒன்றுதான். அதுவும் ரயில் கூவினால்தான். மகளை ஆத்தா என்றுதான் கூப்பிடுவாள்; அவள்தான் கூப்பிடுகிறாள் என்று நினைப்பு.

ராமுத்தாயின் தம்பி ராக்கையா வாசற்படியில் நின்றான். கையில் அவளுடைய சேலைகளை அடைத்த பை.

“ரயில்வேயில வேல பாக்குறீக. ஒரு பொம்ம ரயிலோட வாயை அடைக்க முடியலையா மாமா? பஸ் வாரதுக்குள்ள இது என்ன கோளாறுன்னு சொல்லுங்க. இல்லேன்னா இதை முல்லையாத்துல எறிஞ்சிட்டு, அக்காவை மார்க்கையன்கோட்டையில பேயோட்டுற கோடாங்கிகிட்டக் கூட்டிட்டுப் போயிருவேன். பெறகு அக்கா ஓடைப்பட்டியில எங்க வீட்டுலதான் இருக்கும்.”

ரயிலைக் கையில் எடுத்தேன்.

அது மதுரைக்கு மாற்றலாகிப் போன இன்ஜினியர் வீட்டில் கயலுக்குக் கொடுத்தது. அவர்கள் வீட்டில் கூவிக்கொண்டிருந்ததாம். எங்கள் வீட்டுக்கு வந்தபின் ஓடியதே தவிர ஒருநாளும் கூவியதில்லை. ஊமை ரயில் என்று கேலி பண்ணுவேன்.

“கூவும்ப்பா, பொறு” என்பாள் கயல். என் இடது பக்கம் வந்து நின்றுதான் சொல்வாள். போடி லைனில் சுத்தியல் அடித்து அடித்து என் வலது காது மந்தம்.

அவள் காய்ச்சலில் படுக்குமுன்பே பேட்டரிக் கட்டை தீர்ந்து ரயில் நின்றுபோனது. நின்ற பிறகும் தாளும் பசையுமாக அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். முப்பதாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் ராமுத்தாய் புதுக் கட்டை போட்டு ஓடவிட்டாள்.

அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கூவியது.

ஒரு சுற்றுக்கு ஒருதரம். அந்த மூலையில் மட்டும்.

கட்டையைக் கழற்றினேன். உள்ளே துரு இல்லை. துடைத்து, கூட்டல் கழித்தல் பார்த்துப் போட்டேன். அதைப் பார்க்கக்கூட கயல்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

கூவியது.

அடிமூடியைத் திறந்தேன். ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர்கள் இரண்டும் நன்றாகப் பிடித்திருந்தன. உலுக்கிப் பார்த்தேன். சத்தமில்லை. தண்டவாளத்தில் வைத்தேன்.

அந்த மூலையில் கூவியது.

அப்படியென்றால் கோளாறு லைனில். ஜாயின்ட் தூக்கியிருந்தால் நிஜ வண்டியே அந்த இடத்தில் ஒரு குதி குதிக்கும். அந்த மூலைத் துண்டைக் கழற்றி எதிர்ப்பக்கம் பூட்டினேன். எதிர்ப்பக்கத் துண்டை மூலைக்குக் கொண்டுவந்தேன்.

ரயில் எதிர்ப்பக்கத்தைப் பேசாமல் கடந்தது.

மூலைக்கு வந்ததும் கூவியது.

ராக்கையா வாசற்படியை விட்டு வெளியே இறங்கிவிட்டான்.

ரயிலில் இல்லை. தண்டவாளத்திலும் இல்லை. அந்த இடத்தில்தான் என்னவோ இருக்கிறது. கயலைக் கடைசியாகப் படுக்க வைத்திருந்த பாய் அங்கேதான் கிடந்தது.

ராமுத்தாய் உலை கொதிக்கிறதென்று அடுப்படிக்குப் போனாள். நான் கையிலிருந்த ஸ்பேனரை அந்த மூலையில் தண்டவாளத்தை ஒட்டி வைத்தேன். லைனுக்குக் கொண்டுபோகிற பெரிய ஸ்பேனர். கையில் எதையாவது பிடித்திருந்தால் தேவலை என்றுதான் வைத்திருந்தேன்.

திரும்ப எடுத்தபோது அட்டையும் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தது.

டி.வி. பெட்டி அட்டையை விரித்து, பச்சைத்தாள் ஒட்டி, அதன்மேல்தான் கயல் தண்டவாளம் பூட்டியிருந்தாள். அந்த இடத்துத் தாளை நகத்தால் கிழித்தேன். அட்டையில் குழி வெட்டி ஒரு கறுப்பு வட்டம் பதித்திருந்தது. பழைய ரேடியோவில் கழற்றிய காந்தம்.

அதை நோண்டி எடுத்து என்ஜினின் வயிற்றுக்கடியில் காட்டினேன்.

என் கைக்குள்ளேயே கூவியது.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. மறுபடி கூவாததால் திரும்பவும் தொடங்கியது.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகை மாதிரி. இவ்வளவுதான். காந்தத்தைக் கடந்தால் கூவுகிற வண்டி; இன்ஜினியர் வீட்டுக் காந்தம் எங்களுக்கு வராமல் போயிருக்கிறது. ராக்கையாவைக் கூப்பிட்டுக் காட்டினால் முடிந்தது. பேயும் இல்லை, கோடாங்கியும் வேண்டாம்.

இன்னும் எங்கே புதைத்திருக்கிறாளோ என்று அடுத்த துண்டையும் தூக்கினேன்.

காந்தம் இல்லை. தண்டவாளம் மூடியிருந்த இடத்தில் பென்சிலால் ஒரு ஆளை வரைந்திருந்தாள். தலையில் உருமா. கையில் சுத்தியல். குனிந்து வேலை பார்க்கிறான். வண்டி வருகிற பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறான்.

அவனுடைய வலது காதைக் கறுப்பாகத் தீட்டி அடைத்திருந்தாள்.

என் வலது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வண்டி அவனை நெருங்குமுன் எங்கே கூவவேண்டுமோ அங்கே காந்தம் இருந்திருக்கிறது.

அவள் அம்மாவைக் கூப்பிடவே இல்லை. கூவியது எனக்கு.

“என்ன மாமா, கோளாறு ஆப்டுச்சா?” வெளியிலிருந்து ராக்கையா கேட்டான்.

காந்தத்தைக் குழியில் வைத்து அமுக்கினேன். கிழிந்த தாளைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். அந்த ஆளின்மேல் தண்டவாளத்தைப் பூட்டினேன்.

“ஆப்டுச்சு மாப்ள. பேயும் இல்ல, பிசாசும் இல்ல. அந்த இடத்துல கூவணும்னே வச்சிருக்காக. செஞ்சவக அப்படித்தான் செஞ்சிருக்காக. உங்க அக்கா இங்கனயே இருக்கட்டும். பையை உள்ள வையி.”

“அப்ப இத்தன நாளு கூவலையே?”

“லைன் மாறிப் பூட்டியிருந்தோம்.”

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு பையை உள்ளே வைத்தான்.

நான் பொத்தானைத் தட்டினேன். ரயில் ஒரு அரைவட்டம் போய், வளைந்து, மூலைக்கு வந்தது.

கூவியது.

ராமுத்தாய் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“இந்தா வந்துட்டேன் ஆத்தா.”

நான் லைனை விட்டு ஒதுங்கி நின்றேன்.