நேரில் பார்வையிட்டேன்

மண்ணூர்பேட்டையில் அந்தத் தெருவுக்குள் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

நிலநடுக்கம் வந்தால் எந்த வீடு தாங்கும், எது தாங்காது என்று பார்த்துக் குறிக்கும் வேலை. கையில் படிவம், ஒரு சின்னச் சுத்தியல்.

பட்டியலில் முதலில் இருந்த மணவாளன் என்பவரின் வீட்டைத் தெருமுனையிலிருந்து பார்த்தபோதே மனசு சரியில்லை. மேலே இரண்டு மாடி, கனமான செங்கல் சுவர்கள். கீழே வண்டி நிறுத்துவதற்காகச் சுவரே வைக்காமல் ஆறு ஒல்லித் தூண்கள்.

ஒரு தூணைத் தட்டினேன். பூச்சு உதிர்ந்தது. மணவாளன் ஓடி வந்தார். மாடியில் மகள் பவ்யா பிரசவம் முடிந்து வந்திருக்கிறாள், பச்சைக் குழந்தை இப்போதுதான் தூங்குகிறது, மெதுவாகத் தட்டுங்கள் என்றார்.

உதிர்ந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி. கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங், சாணுக்கு இரண்டு என்ற கணக்கிலாவது இருக்க வேண்டும். இங்கே முழத்துக்கு ஒன்று. பூமி கொஞ்சம் ஆடினாலும் தூண் மடங்கும், இரண்டு மாடியும் அப்படியே கீழே உட்காரும்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மேஸ்திரியை விடுங்கள், படித்தவன் ஒருவன் இதைப் பார்க்காமல் விட்டிருக்கிறானே. எந்தப் புண்ணியவான் இதற்குக் கையெழுத்துப் போட்டான் என்று கேட்டேவிட்டேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் முப்பது வருஷம், நூலளவு பிசகாமல் இரும்பு கடையும் லேத் ஓட்டியவர். மாடிக்குப் போய், பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திய வரைபடத்தை எடுத்து வந்தார்.

"அப்டிலாம் சொல்லாதீங்க சார். நான் ஷிப்ட்டுக்குப் போய்ட்டதால பாக்கல. ஆனா அந்த இன்ஜினீரு நேர்ல வந்து பாத்துட்டுதான் கையெய்த்து போட்டுகீறாரு. இதுலயே எய்திகீது."

எழுதியிருந்தது. 'ஒவ்வொரு கட்டத்திலும் நேரில் வந்து பார்வையிட்டேன்.' இருபத்திரண்டு வருஷம் பழைய தேதி.

அதன் கீழே என் கையெழுத்து.

அப்போதெல்லாம் மேஸ்திரிகள் வரைபடங்களைக் கட்டுக்கட்டாக என்னிடம் கொண்டு வருவார்கள். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் போட்டு முடித்துவிடுவேன்.

படிவத்தில் சிவப்புக் கட்டத்தைக் குறித்தேன். குழந்தையை இன்றைக்கே வேறு வீட்டுக்குக் கூட்டிப் போய்விடச் சொன்னேன்.

படிவத்தின் கடைசியிலும் அதே வரிதான் அச்சாகியிருந்தது. நேரில் வந்து பார்வையிட்டேன்.

எழுதத் தோதாக இருக்கட்டும் என்று மணவாளன் அந்த வரைபடத்தையே படிவத்துக்கு அடியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். ஓரத்தில் பழைய கையெழுத்து தெரிந்தது.

கையெழுத்தை மாற்றிப் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வெட்கமாக இருந்தது. எப்போதும் போடுகிற மாதிரியே போட்டேன்.

லேத்காரர் கண். இரண்டும் ஒரே கை என்று அளந்து பார்க்க அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.