ஏறிய சந்தா

சினிமா டிஸ்க் வாடகைக் கடையின் கண்ணாடிக் கதவில் புதிய மாதச் சந்தா சிவப்பு மையில் மின்னுகிறது. உள்ளே வரிசை கொதிக்கிறது. "இந்தக் காசுக்கு நடிகரே வீட்டுக்கு வந்து நடிச்சுக் காட்டுவாரே!" என்று ஒருவர் கத்துகிறார். கவுண்டர் பெண் புன்னகை மாறாமல் ரசீது கிழிக்கிறாள். அடுத்து நிற்பவர், தக்காளிக்கும் தையற்கூலிக்கும் தொண்டை வற்றப் பேரம் பேசுகிற மனிதர். இன்று முனகாமல் நோட்டுகளை நீட்டுகிறார். "விலைவாசி ஏறுது, நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்!" அந்தப் 'பாவம்' பின்னால் குடையோடு நிற்கும் மனைவியின் காதில் மிளகாயாய் எரிகிறது. கவுண்டர் பெண் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுக்கிறாள். "உங்களுக்குன்னே எடுத்து வெச்சேன் சார். போன படம் எப்படி?" "கடைசி சீன் இருக்கே, கண்ணுல தண்ணியே வந்துடுச்சுங்க!" இடைவேளைக்கு முன்பே சோபாவில் குறட்டை விட்ட மனிதரை மனைவி ஏற இறங்கப் பார்க்கிறாள். மழைநீர் சொட்டும் குடையைக் கவுண்டர் மேலேயே வைக்கிறாள். "எனக்கு மறந்தேபோச்சுங்க," என்கிறாள், குரலில் தேன் ஒழுக. "கடைசி சீன்ல என்ன நடக்குது? இவங்களுக்கும் சொல்லுங்களேன்." டிஸ்க்கை வாங்க நீண்ட கை அந்தரத்தில் நிற்கிறது. சந்தாவை மறந்து, வரிசை மொத்தமும் அவர் வாயையே பார்க்கிறது.