முதல் விலை

"ஸ்கூல்லயே முதல் மார்க் வாங்குறவளுக்கு ஒரு கட்டுரை எழுதத் தெரியலையா?"

மோமோத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கத்தினார் பூர்ணரத்ன துலாதர். காத்மாண்டு ஆசன் கடைத்தெருவில் பித்தளைப் பாத்திர வியாபாரம் அவருக்கு. தெருவில் எல்லோருக்கும் அவர் சாஹுஜி, அதாவது முதலாளி. அவர் கடைக்கு எதிரே இருக்கும் இந்த மோமோக் கடை ஜுஜுபாயுடையது. ஜுஜுபாயின் மகள் ரோஷிலாவைத்தான் போன வாரம் அமெரிக்கக் கல்லூரி ஒன்று வேண்டாம் என்று சொல்லியிருந்தது.

"அவளே ஒத்துக்கிட்டா, சாஹுஜி. கட்டுரைதான் சொதப்பிடுச்சாம்." ஜுஜுபாய் மாவைத் தேய்த்தபடியே சொன்னார். "எங்க குடுப்பினை அவ்வளவுதான்."

"குடுப்பினையாவது வெங்காயமாவது! வெளிநாட்டுப் பிள்ளைக்கு முழுச் செலவையும் ஏத்துக்கிற காலேஜ் அங்க எத்தனை இருக்கு? விரல் விட்டு எண்ணிடலாம். வேற காலேஜ் எடுத்தாலும் உன்னால அனுப்ப முடியுமாய்யா? முந்திக்கிட்டு விண்ணப்பம் போட்டும் கோட்டை விட்டிருக்கா. என் சுமேதைப் பாரு!"

சுமேத் கதை தெருவுக்கே மனப்பாடம். அதே பள்ளி, அதே கல்லூரி. போன வருஷம் முந்திப் போட்டான், உடனே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வியாபாரி ரத்தமாயிற்றே? மற்ற கல்லூரிகளுக்குப் போட்டதை வாபஸ் வாங்காமல் அப்படியே விட்டு வைத்தார் சாஹுஜி. நாலு மாதத்தில் இன்னும் பெரிய பெயருள்ள கல்லூரி ஒன்று கூப்பிட்டது, இன்னும் பெரிய உதவித்தொகையோடு. முதலாவதை உதறிவிட்டு மகனை அங்கே ஏற்றி அனுப்பினார்.

"முதல் விலைக்குத் தலையாட்டுறவன் கடையே வைக்கக் கூடாதுய்யா!" வழக்கம்போல முடித்துவிட்டு எழுந்தார். "கட்டுரையாவது மண்ணாவது. இது அந்த ஸ்கூல் அப்சரா மிஸ் வேலை. மோமோக் கடைக்காரன் மகதானேன்னு சிபாரிசுக் கடிதத்தை ஏனோதானோன்னு எழுதியிருக்கும் அந்தம்மா." அடுப்பருகே நின்ற பெண்ணிடம் திரும்பினார். "வா ரோஷிலா, நான் கேக்கறேன்."

"வேண்டாம் மாமா. மிஸ் நல்லாத்தான் எழுதுனாங்க."

"சும்மா இரு. அப்பனுக்கும் வாய் இல்ல, மகளுக்கும் வாய் இல்ல."

வழியெல்லாம் ரோஷிலா அவர் சட்டையைப் பிடித்து இழுக்காத குறைதான். "விட்டுடுங்க மாமா" என்று கெஞ்சிக்கொண்டே வந்தாள். அவர் நடை குறையவில்லை.

பள்ளி மொட்டை மாடியில், இளவெயிலில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார் அப்சரா மிஸ்.

"ஸ்கூல் நடத்துறீங்களா, பாரபட்சம் நடத்துறீங்களா? இந்தப் பொண்ணுக்கு என்ன எழுதி அனுப்புனீங்க?"

மிஸ் ரோஷிலாவைப் பார்த்தார். அவள் 'வேண்டாம்' என்பதுபோலத் தலையசைத்தாள்.

"உக்காருங்க சாஹுஜி. ஆரஞ்சு எடுத்துக்கோங்க."

"ஆரஞ்சு எங்க வீட்லயும் இருக்கு! பதில் சொல்லுங்க. இல்லேன்னா நாளைக்கு ஆசன் கடைத்தெருவே உங்க வாசல்ல உக்காரும்."

மிஸ் பெருமூச்சு விட்டார். "இவ மேல ஒரு குறையும் இல்ல. அந்தக் காலேஜ்ல இருந்து போன்ல பேசுனாங்க. இவ கட்டுரையைப் படிச்சு அந்த ஆளுக்கே கண் கலங்கிடுச்சாம்."

"அப்புறம் என்ன கேடு?"

"முந்திப் போடுறவங்க ஒரே ஒரு காலேஜுக்குத்தான் அப்படிப் போடலாம். எடுத்துக்கிட்டா கட்டாயம் வருவேன், மத்ததை எல்லாம் விட்டுடுவேன்னு வாக்குக் குடுக்கணும். இங்க படிச்ச ஒரு பையன் வாக்கைக் குடுத்துட்டு வேற எங்கேயோ போயிட்டான். அவனுக்கு வச்சிருந்த இடம் வீணாப் போச்சு. 'இனிமே உங்க ஸ்கூல் வாக்கை எப்படி நம்புறது?'ன்னு கேட்டாங்க. அதான் இவளுக்குக் கதவைச் சாத்திட்டாங்க."

சாஹுஜி கைப்பிடிச் சுவரில் ஓங்கி அறைந்தார்.

"எவனோ பண்ணுன களவாணித்தனத்துக்கு இந்தக் குழந்தையா பலி? எவன் அவன்? பேரைச் சொல்லுங்க! அவன் அப்பன் சட்டையைப் பிடிச்சு நடுத்தெருவுல நிறுத்தறேன்!"

மிஸ் உரித்த தோலை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். ரோஷிலா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாக்குன்னா வாய்வார்த்தை இல்ல, சாஹுஜி," என்றார் மிஸ் தணிந்த குரலில். "பையன் கையெழுத்துப் போட்டான். நானும் போட்டேன். அவங்க அப்பாவும் போட்டார்."

மறுபடி ஓங்கிய கை அப்படியே நின்றது.

போன வருஷம் கடையில் குடம் நிறுத்துக்கொண்டிருந்தபோது சுமேத் வந்து நின்றது ஞாபகம் வந்தது. 'இது சும்மா சம்பிரதாயம்தான்டா' என்று சிரித்துக்கொண்டே போட்ட கையெழுத்து. முன்பணம் வாங்கிய குடத்தை, இரண்டு மடங்கு விலை வந்தாலும், இன்னொருத்தருக்குக் கொடுத்தறியாத கை அது.

ரோஷிலா பின்தொடரப் படியிறங்கினார். தெருமுனையில் ஜுஜுபாய் கடை ஆவி தெரிந்ததும் நின்றுவிட்டார். ஆசன் தெருவில் யாரிடமும் இறங்காத குரல் இறங்கியது.

"உங்கப்பாகிட்ட... நான் என்னம்மா சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதீங்க மாமா. கட்டுரை சொதப்பல்னே இருக்கட்டும். எதிரெதிர்க் கடை. தினம் ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்கணும்ல?"

இரண்டடி முன்னால் நடந்தவள் திரும்பி நின்றாள்.

"சுமேத் அண்ணன்கிட்டயும் இப்போ எதுவும் கேக்காதீங்க. அங்க பரீட்சை நேரம்."