அதட்டாத நர்ஸ்

"டாக்டர் பாக்கறதுக்கு முன்னாடி உங்க சம்மதம் வேணும்மா. எடை குறைக்கிற சிகிச்சை, வீடியோ வழியாத்தான். பிடிக்கலைன்னா எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்," என்றாள் போன் திரையில் இருந்த நர்ஸ்.

"சம்மதம்," என்றாள் அம்மா. "என் மக ஒரு வருஷமா இதைத்தான் சொல்றா. நான் காதுலயே போட்டுக்கலை."

"இப்ப மட்டும் எப்படி?"

"அவ அதட்டுவா. நீங்க கேக்கறீங்க."

நர்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"அடுத்த ரூம்ல மக இருக்கா. கதவைச் சாத்திக்கிட்டு வேலை பாக்கறா."

"நாம பேசறது அவங்க காதுல விழலாமா?"

"நல்லா விழட்டும். வேலைன்னு வந்தா அவ இவ்வளவு பொறுமைசாலின்னு இன்னைக்குத்தான் பாத்தேன். பெருமையா இருக்கு."

நர்ஸின் சிரிப்பு போனிலும் சுவருக்கு அந்தப் பக்கமும் ஒன்றாகக் கேட்டது.