கீதாஞ்சலி இளைத்த கதை

"பையனோட சேத்து எண்பத்து மூணரை. பையனை இப்படிக் குடுத்துட்டு நீங்க மட்டும் நில்லுங்க... எழுபத்து நாலு!"

அங்கன்வாடி டீச்சர் குழந்தையின் எடையைக் கணக்குப் போடத்தான் கத்தினார். ஆனால் அது ராயபுரத்துப் பொம்பளைகள் அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

கீதாஞ்சலிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஒன்பதரைக் கிலோப் பையனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தாள்.

"நாளையிலிருந்து நடக்கப் போறேனுங்க. சாயங்காலம் கொள்ளு ரசம் மட்டுந்தான்" என்றாள் புருஷனிடம்.

முருகேஷ் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வாயும் கத்தரி மாதிரிதான் வெட்டும்.

"போன வருசமும் இதேதான் சொன்னே. நடக்கறதுக்குன்னு ஷூ வாங்கப் போயி, வர்ற வழியில பேக்கரியில ரெண்டு தேங்காபன் தின்னுட்டு வந்தே."

"இந்த வாட்டி பாருங்க."

"சரி, அஞ்சு கிலோ எளைச்சுக் காட்டு அம்மிணி. அன்னையிலிருந்து இந்த ஊட்டுல பாத்திரம் கழுவறது நானு!"

பாத்திரம் என்ற வார்த்தை நன்றாக வேலை செய்தது. ஒரு வாரம் விடாமல் நடந்தாள். பேக்கரி வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

எடை பார்க்க வேண்டுமே? மறுபடி அங்கன்வாடியில் போய் நிற்க வெட்கம்.

தெருமுனையில் ரத்தினசாமியின் பனியன் வேஸ்ட் கடை இருந்தது. துணி மூட்டைகளை எடை போட்டு வாங்கப் பெரிய மிஷின் வைத்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. தலைக்கு மேலே பழனி முருகன் படம்.

"இதுக்குப் போயிக் காசா? சும்மா ஏறி நில்லுங்க கண்ணு" என்றார், காசை நீட்டியவளிடம்.

ஏறினாள். அறுபத்தொன்பது!

ஒரே வாரத்தில் அஞ்சு கிலோ! முருகேஷையே இழுத்து வந்து காட்டினாள். அவன் மிஷினைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி மிஷினைப் பார்த்தான். வீட்டுக்குப் போய்ச் சோப்பும் நாருமாகக் குழாயடியில் உட்கார்ந்தான்.

அப்புறம் சனிக்கிழமை தவறாமல் வேஸ்ட் கடைதான். அறுபத்தெட்டரை, அறுபத்தெட்டு, அறுபத்தேழரை. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத கீதாஞ்சலியிடம், கொள்ளு ரசத்துக்குப் பக்குவம் கேட்டுத் தெருவே வந்தது.

அந்தக் கடையில் ஒரே தொந்தரவு கருத்தம்மா. சின்னக் கம்பெனிகளில் வெட்டித் தள்ளிய துணித்துண்டுகளைச் சேர்த்து மூட்டை கட்டிக்கொண்டு வரும் உசிலம்பட்டிக்காரி. வாராவாரம் சண்டை.

"முப்பது கிலோ இருக்கும்ண்டு தூக்கியாந்தேன். இருபத்தெட்டுண்டு காட்டுது? சொமந்த தலைக்குத் தெரியாதாண்ணே?"

"வர்ற வழியில எங்கியாச்சும் எறக்கி வெச்சுட்டு வந்தியா?" என்று ரத்தினசாமி சிரிப்பார். பிறகு படத்தைப் பார்த்து, "முருகா, நீதான் பாத்துக்கோணும்" என்பார்.

கீதாஞ்சலியும் சேர்ந்துகொள்வாள். "மிஷின் பொய் சொல்லுமாங்க்கா? நான் எளைச்சதையே கரெக்டாக் காட்டுதே!"

இந்த அக்காவுக்கு இத்தனை பேராசை ஆகாது என்று நினைத்துக்கொள்வாள்.

அடுத்த மாதம் அங்கன்வாடியில் முதல் ஆளாகப் போய் நின்றாள். இந்த முறை டீச்சர் இன்னும் சத்தமாகக் கத்தினால் நன்றாயிருக்கும்.

கத்தினார். "பையனோட எண்பத்து ரெண்டரை. நீங்க மட்டும் எழுபத்து ரெண்டரை. பையன் பத்துக் கிலோ, சூப்பர்!"

"எழுபத்து ரெண்டரையா? உங்க மிஷின் கெட்டுப்போச்சுங்க டீச்சர்!"

"காத்தாலதானுங்க அஞ்சு கிலோக் கல்லு வெச்சுப் பாத்தேன். சரியாத்தான் இருக்குது. மாசத்துல ஒன்னரைக் கிலோ கொறைஞ்சிருக்கீங்க. அதுவே நல்லதுதான். விடாம நடங்க."

கீதாஞ்சலி நேராக வேஸ்ட் கடைக்கு நடந்தாள். அங்கே கருத்தம்மா மூட்டையோடு நின்றிருந்தாள்.

"வாங்க கண்ணு, ஏறி நில்லுங்க" என்றார் ரத்தினசாமி.

அவள் ஏறவில்லை. பையனை மிஷின்மேல் உட்கார வைத்தாள்.

ஒன்பது கிலோ முந்நூறு.

கால் மணி நேரத்தில் எழுநூறு கிராம்! பையன் கொள்ளு ரசம் குடிக்கவில்லை. நடக்கவும் இல்லை. வரும் வழியெல்லாம் இடுப்பில் உட்கார்ந்து பிஸ்கட்தான் தின்றுகொண்டு வந்தான்.

கருத்தம்மாவின் மூட்டையைப் பார்த்தாள்.

வாயைத் திறந்தால் பாத்திரம் எல்லாம் திரும்பத் தன் கைக்கே வரும். முருகேஷ் வருசம் பூராவும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். கொள்ளு ரசத்தை ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள்.

"என்னங் கண்ணு, நீங்க ஏறலீங்களா? இன்னிக்கு இன்னும் எளைச்சிருப்பீங்க!"

கீதாஞ்சலி பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். குரல் எப்போதும்போலச் சின்னதாகத்தான் வந்தது.

"கருத்தம்மாக்கா, நான் எளைச்சது வெறும் ஒன்னரைக் கிலோதானுங்க. வாராவாரம் எளைச்சது உங்க மூட்டைங்க!"