கொல்லைக்கு ஒரு விலக்கு

குழந்தைகள் கதை ஒன்றில் 'கொல்' என்று தொடங்கும் சொற்களையெல்லாம் நீக்கும்படி, கணினியிலிருந்த வடிகட்டிக்கு உத்தரவு வந்தது. அது முதலில் பிடித்தது 'கொல்லை' என்ற சொல்லை.

"அண்ணே, நான் யாரையும் கொல்ல மாட்டேன். வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற தோட்டம் நான். என்னை எடுத்துட்டா இந்தக் கதையில கோழி தன் குஞ்சுகளோட எங்கே மேயும்?" என்று அழுதது கொல்லை.

வடிகட்டிக்கு எழுத்துதான் தெரியும், பொருள் தெரியாது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. வேலையை நிறுத்திவிட்டு, பதிப்பாசிரியர் திலகவதியிடம், "அம்மா, இவளை விட்டுடலாமா?" என்று கேட்டது.

வரியைப் படித்துப் பார்த்த திலகவதி, "'கொல்'லுக்குப் பின்னால் 'லை' வந்தால் விட்டுவிடு" என்று விதியைத் திருத்தினார்.

அடுத்த பக்கத்தில் 'கொல்லன்' பயந்துபோய் நின்றிருந்தான். விதிப்படி அவனை நீக்க வேண்டியதுதான். வடிகட்டி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ என்ன வேலை பாக்கறே, தம்பி?" என்று கேட்டது.