ஐந்தாவது வரி

மூன்றாவது வரியில் வேண்டுமென்றே ஒரு பிழை விட்டேன்.

ஒரு ஹெக்டேயர் ஆயிரம் சதுர மீற்றர் என்று வெண்பலகையில் எழுதினேன். பத்தாயிரம் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். விவசாயபீடத்து முதலாம் வருடத்துக்குத் தெரியாமல் இருக்குமா?

எழுதிவிட்டு, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு திரும்பினேன்.

முப்பத்திரண்டு தலைகளும் குனிந்து, அந்த ஆயிரத்தை அப்படியே கொப்பியில் இறக்கிக்கொண்டிருந்தன.

"விளங்குதா?"

"ஓம் அக்கா."

பூசையில் ஆமென் சொல்வதுபோல் ஒரே குரலில்.

இந்த 'ஓம் அக்கா'தான் என்னைச் சாகடிக்கிறது. நான் இரண்டாம் வருடம். இந்தப் பாடத்தில் முதலாம் வருடத்துக்கு உதவவென்று பீடம் போட்டிருக்கிற வழிகாட்டி மாணவி. ஆனால் இதுகளுக்கு நான் சீனியர். சீனியரிடம் எதிர்க்கேள்வி கேட்டால் கன்டீன் பக்கம் தலைகாட்ட முடியாது என்று யாரோ நல்லாகப் பயம் காட்டி விட்டிருக்கிறார்கள். போன வருடம் எங்களுக்கும் காட்டினார்கள்தான். நானும் வருடம் முழுக்க ஓம் போட்டே தப்பினேன்.

கடைசி வரிசையில் பரமலிங்கம் சேர் இருந்தார். பாடம் அவருடையது.

காலையிலேயே சொல்லிவிட்டார்.

"டிலுசா, இண்டைக்கும் ஒருத்தரும் கேள்வி கேக்காட்டி இந்த வகுப்பை நிப்பாட்டுவம். கேள்வி வராத வகுப்புக்கு வழிகாட்டி என்னத்துக்கு?"

நிற்பாட்டினால் அவருக்கென்ன? முல்லைத்தீவில் அம்மா கடற்கரை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார், "என்ர மகள் கம்பசில படிப்பிக்கிறாள்" என்று. போன ஞாயிறு பூசை முடிய, பாதரே வந்து கைகுலுக்கினார். இனி எந்த முகத்தோடு ஊருக்குப் போவது?

அதைவிட, உண்மையைச் சொன்னால், எனக்கு இந்த மார்க்கரைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆசையாக இருக்கிறது.

அதனால்தான் மூன்றாவது வரி. மீன்காரன் மகள் நான், எனக்குத் தூண்டில் போடத் தெரியாதா?

மற்ற வரிகள் சும்மா சாதாரண விதைநெல் கணக்கு. ஒரு ஹெக்டேயரில் நூறு கிலோ நெல் முளைக்க வேண்டும். கையில் இருக்கிற விதையிலோ நூற்றுக்கு எண்பதுதான் முளைக்கும். அப்படியென்றால் எத்தனை கிலோ வாங்க வேண்டும்?

அது நாலாவது வரி. ஐந்தாவது வரியில் விடை: இருபது குறைகிறது, ஆகவே நூறும் இருபதும் நூற்றிருபது கிலோ. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

மூன்றாவது வரியின் கீழ் கோடு கீறினேன். மார்க்கரால் இரண்டு தரம் தட்டினேன், கை சும்மா தட்டுவதுபோல்.

ஒருவரும் அசையவில்லை.

வெளியே ஒரு மயில் கத்தியது. அதற்காவது வாய் இருக்கிறது.

சேர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

அப்போதுதான் ஒரு கை தெரிந்தது. முழுக் கையும் இல்லை, முழங்கை மேசையை விட்டு எழும்பவே இல்லை. முரசுமோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் நிரோஜா.

மாதாவே, தூண்டிலில் மீன் பட்டுவிட்டது!

"சொல்லும் தங்கச்சி, சொல்லும். எந்த வரி?"

"அஞ்சாவது வரி அக்கா."

"அஞ்சோ? மூண்டில்லையோ?"

"மூண்டு நீங்கள் வேணுமெண்டு விட்டது. எழுதேக்க சிரிச்சனீங்கள்."

வகுப்பு களுக்கென்று சிரித்தது. முப்பத்திரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டே எழுதியிருக்கிறார்கள். சீனியர் அக்கா பிழை விட்டுவிட்டு, யார் வாயைத் திறக்கிறார்கள் என்று பார்க்கிறா, இதுவும் பகிடிவதையில் ஒரு புதுவகை என்று நினைத்திருக்கிறார்கள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

நிரோஜா இன்னும் கையை இறக்கவில்லை.

"அஞ்சு மெய்யாவே பிழை அக்கா. நூற்றிருபது கிலோவில அஞ்சில ஒண்டு முளைக்காட்டி, தொண்ணூற்றாறுதானே முளைக்கும்? மிச்ச நாலு கிலோ எங்க? எங்கட வயலில எண்டா அந்த இடம் முழுக்கப் புல்லு வந்திடும்."

மனதுக்குள் நூற்றிருபதை ஐந்தால் வகுத்தேன். இருபத்துநாலு. கழித்தேன். தொண்ணூற்றாறு. இன்னொருதரம் செய்தேன். நாசமாய்ப்போன தொண்ணூற்றாறேதான்.

பலகையிலிருந்த நூற்றிருபதைத் திரும்பிப் பார்த்தேன்.

இந்த நூற்றிருபது என்னுடைய கண்டுபிடிப்பு இல்லை. போன வருடம் இதே பலகையில் இருந்தது. பலகையிலிருந்து கொப்பிக்கு ஏற்றினேன், கொப்பியிலிருந்து சோதனைத் தாளுக்கு இறக்கினேன். அதே கேள்வி, அதே நூற்றிருபது. சிவப்புப் பேனையால் பெரிய சரி ஒன்று, பக்கத்தில் பத்துக்குப் பத்து. அந்தப் பத்தால்தான் நான் வழிகாட்டி.

அதைப் போட்டவர் கடைசி வரிசையில் இருந்தார்.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பேசாமல் ஐந்தாவது வரியை அழித்தேன். நூற்றை எண்பதால் வகுத்து, நூறால் பெருக்கி, நூற்றிருபத்தைந்து கிலோ என்று எழுதினேன். பழக்கதோஷம், பலகையைப் பார்த்தபடியே கேட்டேன்.

"விளங்குதா?"

முதலாம் வருடத்தில் ஒருவரும் ஓம் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தால் நாலைந்து கைகள் மேலே நின்றன, முழங்கையும் மேசையை விட்டு எழும்பி.

ஓம் மட்டும் கடைசி வரிசையிலிருந்து வந்தது.

'அக்கா' ஒன்றுதான் இல்லை.